ஒருத்தனுக்கு மூணு பேர்

ஜெபமாலையின் நாலாம் பத்து நடந்துகொண்டிருந்தபோது முதல் போன் அதிர்ந்தது. அதுவும் ஜெபத்தை நடத்திக்கொண்டிருந்த நெனிதா அத்தையின் பைக்குள்ளிருந்தே. அத்தை அதை அமுக்கிவிட்டு "அருள் நிறைந்த மரியே" என்று குரலை உயர்த்தினாள். பின் வரிசையில் இன்னொன்று அதிர்ந்தது. பிறகு பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக, மழை பிடிக்கிற மாதிரி. ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தார்கள். பார்த்துவிட்டு நிமிர்ந்தவர்கள் எல்லாரும் ஒரே பக்கம் திரும்பினார்கள்.

கிகோ பக்கம்.

அவன் அப்பாவின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, அதன் கண்ணாடியில் யார் யாரோ பதித்திருந்த விரல் தடங்களைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தான். கண்ணீர் கண்ணாடியில் விழக் கூடாதென்று அத்தை சொல்லியிருந்ததால் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு துடைத்தான்.

முன் வரிசையில் கிகோவின் அக்கா ரொவேனா உட்கார்ந்திருந்தாள். இன்னொரு சாவு என்றுதான் நினைத்தாள். மூன்று நாளைக்கு முன்னால் மருந்துக்கடைக் கல்லாவில் நின்றிருந்தபோது இப்படித்தான் போன் அதிர்ந்தது. "உங்கப்பா வண்டியை நிறுத்திட்டுப் பெட்டிக்கடை பெஞ்சில உக்காந்தாரு. ஒரு செருப்பைக் கழட்டினாரு. இன்னொண்ணைக் கழட்டல." அவ்வளவுதான் சொன்னார்கள்.  மனசுக்குள் அவசரமாக எண்ணிப் பார்த்தாள். அம்மா போய் வருஷக்கணக்காகிறது. அத்தை இங்கே, தம்பி இங்கே. அப்புறம் யார் இருக்கிறார்கள், போவதற்கு?

பக்கத்திலிருந்த பெண் போனை அவள் மடியில் வைத்தாள். திரையில் கிகோ சிரித்துக்கொண்டிருந்தான். சார்டின் மீன் கம்பெனியின் கூடைப்பந்து அணிக்கான நீலச் சட்டை. அவன் படத்திலிருந்து ஒரு அம்பு சிமெண்ட் கம்பெனி அணியின் சிங்க முகச் சின்னத்துக்குப் போயிற்று.

வேறு ஆட்களுக்குப் பதிலாக அவனை அந்த அணிக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். அப்பா இன்னும் மண்ணுக்குப் போகவில்லை, அதற்குள் பிள்ளையைக் கொடுத்துவிட்டார்கள்.

ஐந்தாம் பத்தை அத்தை ஓட்டமும் நடையுமாக முடித்தாள். யாராவது எழுந்து போய்ச் சொல்ல வேண்டும், ஆனால் யாரும் எழுந்திருக்கவில்லை. ஊர்ப் பொதுக் கூடைப்பந்துக் களத்தில்தான் பெட்டியை வைத்திருந்தார்கள். தகரக் கூரை உண்டு, கூட்டம் கொள்ளும். பந்து போடும் வளையத்துக்கு நேர் கீழே வைத்ததற்கு ஆளுக்கொரு அர்த்தம் சொன்னார்கள். உண்மையில் மின்விசிறி அங்கேதான் இருந்தது.

கடைசியில் கிகோவே திரும்பிப் பார்த்தான். "என்ன? எல்லாரும் ஏன் என்னையே பாக்கறீங்க?"

ரொவேனா போனை நீட்டினாள். அவன் வாங்கிப் பார்த்தான். பெரிதாக்கிப் பார்த்தான். திருப்பிக் கொடுத்தான்.

"சிமெண்ட்டா?"

"ஆமா."

சீட்டு மேஜையிலிருந்து துரிங் மாமாவின் குரல் வந்தது. அப்பாவோடு முப்பது வருஷம் மூன்று சக்கர வாடகை வண்டி ஓட்டியவர். வாய் சும்மா இருக்காது. "போச்சு. இனிமே ஓசி மீன் டப்பா கிடையாது. காரைவீடு கட்டறவன் மட்டும் துக்கம் கேக்க வாங்கப்பா."

நாலைந்து பேர் சிரித்துவிட்டுச் சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள். கம்பெனி அனுப்பிய டப்பாக்களை உடைத்துச் சேமியாக் கஞ்சியில் போட்டுத்தான் அத்தை மூன்று நாளாக வந்தவர்களுக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். இப்போதும் எல்லார் கையிலும் அந்தக் கிண்ணம்தான்.

கிகோ சிரிக்கவில்லை. "எங்கப்பாவுக்கு வாக்குக் குடுத்தார் அந்த ஆளு" என்றான். "எங்க வீட்டுல சாப்பிட்டுட்டுக் குடுத்தார்."

குடுத்தார்தான். போன வருஷம் வில்லாருஸ், சார்டின் அணியின் மேலாளர், அவ்வளவு பெரிய மனிதர், இந்த லிபா ஊருக்கு வந்து இவர்கள் வீட்டு மேஜையில் உட்கார்ந்து அப்பாவின் தோளில் கை வைத்துச் சொன்னார்: "இவனை எவன் கேட்டாலும் தர மாட்டேன்." வேறொரு அணி கூடுதலாகவே தருகிறேன் என்றது. அப்பா இந்த ஒரு வார்த்தைக்காக இவரிடம் பிள்ளையை விட்டார்.

அந்த வில்லாருஸே அரைமணி நேரத்தில் வந்து நின்றார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பின்னால் இரண்டு பேர் ஆளுயர மலர் வளையம் ஒன்றைத் தூக்கி வந்தார்கள். குறுக்கே நீல நாடாவில் கம்பெனி பெயர்.

"நானே நேர்ல சொல்லணும்னுதான் விடிகாலையில கிளம்பினேன். வழியில மாட்டிக்கிட்டேன். அதுக்குள்ள சிமெண்ட்காரங்க சேதியை வெளிய விட்டுட்டாங்க. மன்னிச்சுக்கோ தம்பி."

"எங்கிட்ட ஏன் ஸார் சொல்றீங்க? வாக்கு எனக்கா குடுத்தீங்க?" கிகோ பெட்டியைக் காட்டினான். "அவர்கிட்ட சொல்லுங்க. இங்கதான் இருக்கார். கேட்டுக்கட்டும்."

வில்லாருஸ் பெட்டி அருகே போனார். குனிந்து கண்ணாடி வழியாக ரொம்ப நேரம் பார்த்தார். சிலுவை போட்டுக்கொண்டார். தொப்பியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.

"பேச்சு வரல பாருங்க" என்றான் கிகோ, கூட்டத்தைப் பார்த்து. "நான் போகல. அந்தச் சிமெண்ட்டுக்கும் வேண்டாம், உங்களுக்கும் வேண்டாம். எங்கப்பா வண்டி வெளியதான் நிக்குது. அதை ஓட்டிக்கிறேன்."

"நாளைக்குக் காலையில மணிலாவுல டாக்டர் உன் உடம்பைச் சோதிச்சுப் பாக்கணும் கிகோ. நீ போகலைன்னா எல்லாம் கலைஞ்சிடும். ஒப்பந்தத்தையே ரத்து பண்ணிடுவாங்க. அப்புறம் எந்த டீமும் உன்னைத் தொடாது."

"தொட வேண்டாம்."

ரொவேனாவுக்கு அவனைத் தெரியும். சொன்னதைச் செய்துவிடுவான். ஒன்பது வயதில் இனிமேல் மீன் சாப்பிட மாட்டேன் என்றவன், சார்டின் கம்பெனிக்கு ஆடும்போதும் சாப்பிட்டதில்லை.

வில்லாருஸ் கிளம்பினார். அவளைத் தாண்டும்போது நின்று, தொப்பியைக் கையில் உருட்டிக்கொண்டே தணிந்த குரலில் பேசினார்.

"உங்கிட்டயாவது சொல்லிட்டுப் போறேம்மா. யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னார் உங்கப்பா. போன வாரம் நான் இங்க வந்திருந்தேன். அவர் வண்டியிலயே உக்காந்து பேசினோம்."

"எதுக்கு?"

"குடுத்த வாக்கைத் திருப்பிக் கேக்கத்தான். அவர் விட்டாத்தான எனக்கு விடுதலை?"

"அப்பா என்ன சொன்னார்?"

அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டார். "நல்ல மாத்துதான் ஸார், உங்க இடத்துல நான் இருந்தாலும் இதைத்தான் செய்வேன்னார்."

சொல்லிவிட்டு நடந்துவிட்டார். ரொவேனா அவர் பின்னால் இரண்டடி வைத்தாள். நெனிதா அத்தை ஓடிவந்து அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தாள்.

"அடியே, எங்க போற? சாவுக்கு வந்தவங்களை நாம வாசல் வரைக்கும் கொண்டுபோய் விடுவோமா? அடுத்த சாவுக்கு யாரைக் கூப்பிடணும்னு நிக்கற?"

களத்தின் வெள்ளைக் கோட்டோரம் அவள் நின்றுவிட்டாள். அவர் காரில் ஏறுவது தெரிந்தது. கதவு சாத்திக்கொண்டது. 

நேரே சீட்டு மேஜைக்குப் போனாள். "மாமா, உங்களுக்குத் தெரியுமா?"

துரிங் மாமா அவள் முகத்தைப் பார்த்தார். கையிலிருந்த சீட்டைக் கவிழ்த்து வைத்தார். மற்ற மூவரையும் கஞ்சி குடிக்க விரட்டினார்.

"அந்த ஆளு உளறிட்டானா?"

"அப்பாவே குடுக்கச் சொன்னாராமே."

"உக்காரு." மேஜையில் கிடந்த சோடா மூடிகளை அவர் விரலால் ஒன்றுசேர்த்தார். அப்பா அந்த மூடிகளைத்தான் ஆட்டக்காரர்களாக வைத்து, பெட்டிக்கடை பெஞ்சில் பொழுதன்னிக்கும் அணிகளைக் கலைத்து அடுக்கிக்கொண்டிருப்பார். யாரை யாருக்குக் கொடுத்தால் லாபம், யாரைக் கொடுத்தவன் மடையன் என்று அடிதடி வரைக்கும் போகும். ரொவேனா அதைக் காதிலேயே போட்டுக்கொண்டதில்லை.

"இது உன் தம்பி. சார்டின்ல இவனுக்கு முன்னாடி இதோ, இவங்க ரெண்டு பேர். ரெண்டு பேருக்கும் இன்னும் கால் கெட்டியா இருக்கு. இவன் பெஞ்சில உக்காரணும். இன்னிக்கு இவன் மேல எல்லாருக்கும் ஆசை, ஏன்? இவன் எப்படி ஆடுவான்னு எவனுக்கும் முழுசாத் தெரியாது. இன்னும் ரெண்டு வருஷம் பெஞ்சைத் தேச்சா ஆசை போயிடும். ஆசை இருக்கறப்பவே கைமாத்தணும்னான் உங்கப்பன்."

"பெத்த பிள்ளையையா? சேவல் மாதிரியா?"

"சேவலா இருந்தா இவ்வளவு யோசிச்சிருக்க மாட்டான்." மாமா ஒரு மூடியைத் தள்ளி வைத்தார். அதற்கு எதிரே இரண்டை வைத்தார். "ரெண்டு ஆள் தர்றாங்க, உயரமான ஒருத்தன், தூரத்துலேர்ந்து போடறவன் ஒருத்தன்னு அந்த ஆளு சொன்னான். உங்கப்பன் என்ன பண்ணான் தெரியுமா? வண்டியை உதைச்சுக் கிளப்பிட்டான். அவனை உள்ள வச்சுக்கிட்டே! 'ரெண்டு பேருக்கு என் பையனா? அடுத்த வருஷம் புதுப் பசங்களை எடுப்பாங்கள்ல, அதுல முதல் சுத்துல ஒரு இடமும் வாங்கிட்டு வாங்க, அப்புறம் பேசலாம்'னான்." மூன்றாவது மூடி இரண்டோடு சேர்ந்தது. "அந்த மூணாவதை வாங்க வச்சது உங்கப்பன் அமாடோதான்."

ரொவேனா குரலைத் தாழ்த்தினாள். "கிகோகிட்ட ஏன் மறைக்கணும்?"

"கோவம் வரணுமாம். இவன் கோவத்துல போட்டாத்தான் பந்து உள்ள போகுமாம். 'அந்த ஸார் மேல கோவப்பட்டுக்கிட்டு ஆடட்டும், என்னைக் காட்டிக்குடுக்காதே'ன்னான். எல்லாத்தையும் யோசிச்சு வச்சான்." மாமா வளையத்துக்குக் கீழே பார்த்தார். "இதை யோசிக்கல."

அவள் பெட்டியிடம் போனாள். அப்பாவின் உதட்டுக்கு யாரோ லேசாகச் சாயம் போட்டிருந்தார்கள். கையில் நல்ல சீட்டு வைத்திருப்பவர் முகம். முப்பத்திரண்டு வருஷம் பார்த்த முகம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தாள்.

மதியம் பெட்டியைத் தூக்கினார்கள். பெட்டி வெளியே போகும்போது பின்னாலேயே ஒரு தட்டை உடைக்க வேண்டும், சாவு அதோடு முடியட்டும் என்று. அத்தை ஓங்கிப் போட்டாள். தட்டு டொக்கென்று குதித்து உருண்டு ஓடியது. எவளோ பிளாஸ்டிக் தட்டை எடுத்துவந்திருந்தாள்.  கஞ்சிக் கிண்ணங்களுக்கு நடுவிலிருந்து பீங்கான் தட்டு ஒன்றைக் கிகோ எடுத்தான். அவன் போட்ட வேகத்தில் சில்லுகள் நடுக்கோடுவரை தெறித்தன. குழந்தைகள் அழ ஆரம்பித்தன.

துரிங் மாமா ரொவேனாவைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

கல்லறைக்குப் போகும் வழியெல்லாம் ஊர்வலத்தின் கடைசியில் ஒரு சாம்பல் நிற வேன் வந்தது. சிமெண்ட் கம்பெனி அனுப்பியது. அதன் டிரைவரிடம் கிகோ இரண்டு தடவை போகச் சொல்லிவிட்டான். "சரிங்க தம்பி" என்றான் அவன், ஆனால் போகவில்லை.

புதைத்துவிட்டு நேரே வீட்டுக்குப் போனால் ஆவியும் கூடவே வந்துவிடும். நடுவில் எங்காவது உட்கார்ந்து எழுந்திருக்க வேண்டும். சந்தைத் திருப்பத்து ரொட்டிக்கடையில் நாலு பேரும் உட்கார்ந்தார்கள். அத்தை, துரிங் மாமா, கிகோ, ரொவேனா. கடைக்காரப் பெண் ஒரு தட்டு ரொட்டியும் நாலு சோடாவும் வைத்து மூடிகளைத் திறந்துவிட்டுப் போனாள். வேன் எதிர்ச்சாரியில் நின்றது.

டிவியில் கோட்டுப் போட்ட இரண்டு பேர் கிகோவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"இருபத்திரண்டு வயசுப் பையன். பாதி சீசன்கூட முழுசா ஆடல. அவனுக்கு மூணா? சிமெண்ட்காரங்களுக்கு என்ன ஆச்சு?"

"அவங்களை விடுங்க. மூணு கேக்கலாம்னு சார்டின்காரங்களுக்கு எப்படித் தோணுச்சு?"

கடைக்காரப் பெண் பதறி ரிமோட்டைத் தேடினாள். "இருக்கட்டும்" என்றான் கிகோ.

ரொட்டியைப் பிய்த்தான். தின்னவில்லை. "வில்லாருஸுக்குப் பேரம் பேசவே தெரியாது" என்றான், யாரிடமும் இல்லாமல். "ரெண்டுக்கே ஓடிப்போய்க் குடுத்திருப்பார்."

அத்தை என்னவோ சொல்ல வாயெடுத்தாள். துரிங் மாமா மேஜைக்குக் கீழே அவள் காலை மிதித்தார்.

"இளசா இருக்கறவனை மூணுக்குக் கம்மியா விடக் கூடாதுன்னு பெட்டிக்கடை பெஞ்சில யார் சொல்லுவா?" கிகோ அக்காவைப் பார்த்தான். "அக்கா."

"ம்."

"என்னைப் பாரு."

அவள் பார்க்கவில்லை.   அப்பா பெஞ்சில் செய்கிற மாதிரி, மேஜையில் கிடந்த நாலு மூடிகளில் மூன்றை எடுத்து ஒரு பக்கம் வைத்தாள். மிச்சமிருந்த ஒன்றை, விரல் நுனியால் மெல்ல, அவற்றுக்கு எதிர்ப் பக்கம் தள்ளினாள்.

கிகோ அதைப் பார்த்தபடி இருந்தான். டிவியில் விளம்பரம் வந்தது. சோடா சூடாகிக்கொண்டிருந்தது. துரிங் மாமா தெருவில் போன ஒரு நாயை, அது கண்ணுக்கு மறையும்வரை, கவனமாகப் பார்த்தார்.

கிகோ, தலையைத் தூக்காமலே, "அந்த டிரைவர் சாப்பிட்டாரான்னு கேளுங்க மாமா" என்றான்.

மாமா எழுந்து போனார். கடைக்காரப் பெண் ஈரத்துணியோடு மேஜை துடைக்க வந்தாள். ரொட்டித் துகளைக் கூட்டி எடுத்தாள். மூடிகள் வரைக்கும் வந்த கை நின்றது. அவற்றைத் தொடாமல் சுற்றிவளைத்துத் துடைத்துக்கொண்டு போனாள்.