பேடில் வந்த கறுப்பு

கார் பாலிஷ் போடுகிற உலுக்மானுக்குக் கை பூ மாதிரி, வாய் நெருப்பு. பிஷ்கெக் நகரக் கார் சந்தைக்குப் பின்னால் இருக்கிற கராஜ் வரிசையில் இது எல்லாருக்கும் தெரியும். தன் வீட்டுக் கேட்டுத் தூணை யாரோ இடித்து வளைத்துவிட்டார்கள் என்று நிலக்கரி லாரிக்காரனை ஒரு மாதமாகத் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தார். நான் இல்லை என்று அவன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தும் விடவில்லை, பாவம்.

அன்று காலை எர்மெக் தன் கறுப்புக் காரைக் கொண்டுவந்து நிறுத்தினான். உலுக்மானின் ஒரே மகள் சைகாலுக்கு நிச்சயமான மாப்பிள்ளை. அவன் அம்மா வந்து சைகால் காதில் நிச்சயத் தோடு போட்டுவிட்டுப் போய் இரண்டு மாதமாகிறது. சனிக்கிழமை கல்யாணம். ஊர்வலத்தில் முதல் வண்டி இதுதான்.

"மாமா, கண்ணாடியாட்டம் இருக்கணும்."

"அவசரப்படாதடா. எடுத்த எடுப்புல கம்பளி பேடைப் போட்டா பெயின்ட் போயிரும். முதல்ல மெத்துனு இருக்கிற ஸ்பான்ஜ் பேடு, நைஸ் பாலிஷ். அதுல கீறல் போகலன்னாதான் அடுத்தது."

பேடு மாட்டிய பாலிஷ் மெஷினை பானெட்டில் ஓட்டினார். பேடில் வெள்ளையாக வந்தது. மேலே இருக்கிற நிறமில்லாத கிளியர் கோட் மட்டும்தான் தேய்கிறது, நல்லது. இடது பின்கதவுக்கு வந்ததும் பேடு கன்னங்கரேல் என்று ஆனது. கிளியர் கோட்டே இல்லாமல் பிற்பாடு மலிவாக அடித்த பெயின்ட்.

"கதவு இடிபட்டுச்சா?"

எர்மெக் வேறு பக்கம் பார்த்தான். "இல்ல மாமா. கம்பெனி பெயின்ட்தான்."

"சத்தியமா?"

"சத்தியமா."

"முப்பது வருஷமா பேடைப் பாத்துப் பொழைக்கிறவன்கிட்டயே கதை விடுறியா?"

ஸ்பான்ஜ் பேடைப் பிடுங்கி எறிந்தார். கம்பளி பேடை மாட்டி, இருப்பதிலேயே சொரசொரப்பான பாலிஷ் காம்பவுண்டை அப்பி, ஒரே இடத்தில் வைத்து அழுத்தினார். "மாமா, வேணாம் மாமா" என்று அவன் கெஞ்சக் கெஞ்ச, கறுப்பு போய்ச் சாம்பல் நிற பிரைமர் தெரிந்தது. அதற்கும் கீழே, நசுங்கின இடத்தை நிரப்பிய பட்டி. சத்தம் கேட்டு அக்கம்பக்கத்துக் கராஜ்காரர்கள் எல்லாம் வந்து நின்றார்கள்.

"பாருங்கய்யா மாப்பிள்ளை லட்சணத்தை! ஒரு கதவுக்கே இப்படிப் புளுகுறவன் எம் பொண்ணுகிட்ட என்னென்ன புளுகுவான்? குடிச்சிட்டு எங்கடா கொண்டுபோய் மோதின? போடா வெளியே! கல்யாணமும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்!"

எர்மெக் கதவில் அந்தப் புண்ணோடு காரை எடுத்துக்கொண்டு போனான்.

மத்தியானம் சைகால் வந்தாள். அழுது முடித்த முகம்.

"அவங்க அம்மா போன் பண்ணாங்க. எம்புள்ளையை நடுத்தெருவுல நிக்கவெச்சு அசிங்கப்படுத்தின வீட்ல சம்பந்தம் வேணாமாம். தோட்டைத் திருப்பி அனுப்பச் சொன்னாங்க."

"போகட்டும் விடு. தப்பிச்சோம். பொய்க்காரப் பய."

"காரை இடிச்சது நான்தாம்ப்பா."

உலுக்மான் நிமிர்ந்தார்.

"ஸ்டீயரிங்கைத் தொட்டா கையை ஒடிப்பேன்னீங்க. அவர்தான் ஓட்டக் கத்துக்குடுத்தார். நம்ம வீட்டுக் கேட்டுல திரும்புறப்ப தூண்ல மோதிட்டேன். உங்க வாய்க்குப் பயந்து, செத்தாலும் அப்பாகிட்ட சொல்லக் கூடாதுன்னு அவர்கிட்ட சத்தியம் வாங்கினேன். இன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவர் தப்பிச்சிருப்பார். சொல்லல."

தோட்டைக் கழற்றி பாலிஷ் டப்பா மூடியில் வைத்தாள்.

"காருக்குன்னா மெத்து பேடுல ஆரம்பிக்கத் தெரியுது உங்களுக்கு. இதை நீங்களே கொண்டுபோய்க் குடுங்க."

உலுக்மான் தோட்டை எடுக்கப் போனார். விரலெல்லாம் கதவின் கறுப்பு. துணியில் துடைத்தார், மறுபடி துடைத்தார். அதற்குள் அவள் தெருமுனை தாண்டிவிட்டாள்.