ஷாப் என்றொரு வினைச்சொல்

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த பெரியப்பா கண்ணைத் திறந்தார். தம்பி மகளை மட்டும் பார்த்து, இங்கிலீஷில் ஒரு வாக்கியம் சொன்னார். "ஐ ஷாப்ட் யுவர் ஃபாதர்."

கால்மாட்டில் நின்ற அவர் மகனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சித்தப்பாவுக்கு ஷாப்பிங் பண்ணீங்களாப்பா? என்ன வாங்கினீங்க, சட்டையா?"

"ஏன், தம்பிக்குச் செருப்பு வரைக்கும் இவர்தானே வாங்கிக் கொடுத்தார்," என்றாள் பெரியம்மா, ஆரஞ்சு உரித்தபடியே.

தம்பி மகள் சிரிக்கவில்லை.

பெரியப்பாவின் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்ததல்ல. இளவயதில் சரக்குக் கப்பலின் இயந்திர அறையில், வெள்ளைக்காரத் தொழிலாளிகளோடு எண்ணெயும் கரியுமாகப் புரண்டு கற்றது. அதில் பாதி துரைமார்களுக்கே புரியாது. மீதி புரிந்தால் அடிக்க வருவார்கள். அவளுக்கோ அகராதி அலுவலகத்தில், பழைய கொச்சைச் சொற்களுக்குத் தமிழில் பொருள் எழுதும் வேலை. சந்தேகம் வந்தால் இவரிடம்தான் ஓடி வருவாள்.

போன மழைக்காலத்தில் 'ஷாப்' என்ற வினைச்சொல்லுக்கும் அப்படித்தான் வந்து நின்றாள். கடைக்குப் போய் வாங்குவது என்ற பொருள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. அதற்கு முன்பே அந்தச் சொல் ஆளைச் சிறையில் அடைப்பதைக் குறித்தது. திருடர் பேச்சில் சிறைக்கே 'ஷாப்', அதாவது கடை, என்று பெயர். பிறகு, கூட இருப்பவனைப் போலீசுக்குக் காட்டிக்கொடுப்பது என்றும் ஆனது. "கப்பல்ல அப்படிப் பேசுவாங்களா?" என்று கேட்டாள். "ஞாபகமில்லம்மா" என்று எழுந்து போய்விட்டார். எந்தக் கெட்ட வார்த்தைக்கும் அசராத மனிதர் அன்றைக்கு ஏன் நழுவினார் என்று அவள் யோசிக்கவே இல்லை.

அவள் தகப்பனும் அதே கப்பலில் வேலை பார்த்தவர்தான். கடத்தல் கைக்கடிகாரங்களோடு பிடிபட்டுச் சிறைக்குப் போனார்; அங்கேயே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். துப்புக் கொடுத்தது யார் என்று இத்தனை நாளும் தெரியவில்லை. தாயும் இல்லாத கைக்குழந்தையைப் பெரியப்பாதான் தூக்கி வந்து வளர்த்தார்.

இப்போது தெரிந்துவிட்டது. அறையில் இத்தனை பேர் இருக்க, ஒருத்திக்கு மட்டும் புரிகிற சொல்லாகப் பொறுக்கி எடுத்திருக்கிறார். பாம்பும் சாக வேண்டும், தடியும் உடையக் கூடாது! மனப்பாரமும் இறங்க வேண்டும், பெண்டாட்டி பிள்ளை முன்னால் பேரும் கெடக் கூடாது. அவள் சும்மா தலையாட்டினால் போதும், மனிதர் நிம்மதியாகக் கண்ணை மூடிவிடுவார். அந்தச் சுமையை இனி ஆயுசுக்கும் அவள் ஒருத்தியே சுமக்க வேண்டியதுதான்.

"தமிழ்ல சொல்லுங்க," என்றாள்.

அவர் வேண்டாம் என்று தலையசைத்தார்.

"உடம்புக்கு முடியாதவரைப் போய் ஏன்டி படுத்தறே?" என்றாள் பெரியம்மா.

"தமிழ்ல சொல்லுங்க, பெரியப்பா."

பெரியம்மாவின் கை அப்படியே நின்றுவிட்டது. பேச்சு வந்த நாளிலிருந்து தம்பி மகள் அவரை அப்பா என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். பெரியப்பா என்றது இதுதான் முதல் தடவை.

அவர் கூரையைப் பார்த்தபடி தமிழில் சொன்னார். "கப்பலைச் சோதனை போட்டாங்க. என் பெட்டியிலயும் கடிகாரம் இருந்துச்சு. அவனைச் சொன்னா என்னை விட்டுடறதாச் சொன்னாங்க." மூச்சு வாங்கியது. "உங்கப்பாவை நான்தான் காட்டிக்கொடுத்தேன்மா."

மகன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். பெரியம்மா அழவும் இல்லை, கத்தவும் இல்லை. உட்கார்ந்திருந்த நாற்காலியைக் கட்டிலிலிருந்து சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

அவர் வேறு யாரையும் பார்க்கவில்லை, தம்பி மகளைத்தான் பார்த்தார். "இனிமே என்னைப் பெரியப்பான்னுதான் கூப்பிடுவியா?"

இந்த மனிதரை வெறுக்க அவளுக்கு எல்லா உரிமையும் இருந்தது. தெம்புதான் இல்லை.

"அதானே முறை," என்றாள். சொல்லிவிட்டு, இரண்டு அப்பாக்களையும் அன்றைக்குத்தான் பறிகொடுத்தவள் போல ஓவென்று அழுதாள்.