எதிர்த்துப் பேச ஓர் ஆள்

பினாங்கு இளைஞர் தர்க்க சபையில் அந்த வருஷம் ஒரே ஓர் இளைஞன்தான் மிச்சம். செயலாளர் அவனே, பெஞ்சுகளைத் துடைப்பவனும் அவனே. பாக்கியநாதன் என்று பெயர். அதாவது, நான்.

மற்றவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ரப்பர் விலை விழுந்தது, அதைப் பிடித்துக்கொண்டு நின்ற எல்லாமே விழுந்தன. நிபோங் திபால் தோட்டங்களிலிருந்து வந்துகொண்டிருந்த கிராணிமார்கள், அதாவது தோட்டத்துக் குமாஸ்தாக்கள், வேலை போய் நாகப்பட்டினத்துக்குக் கப்பலேறினார்கள். ஒரே மாலையில் ஒட்டியும் வெட்டியும் பேசி இரண்டிலும் கைதட்டு வாங்கிய மைக்கேலுக்கு அக்கரையில், பிறை ஊர் ரயில்வேயில் வேலை கிடைத்தது. அங்கிருந்து ஃபெரி தினமும் வருகிறது. மைக்கேல்தான் அதில் வருவதில்லை. பெர்னார்ட் கல்யாணம் செய்துகொண்டான். அவன் தர்க்கத்தை அடியோடு விடவில்லை என்றும், எப்போதும் தோற்கும் கட்சியிலேயே பேசுகிறான் என்றும் கேள்வி.

சபை கூடுவது கப்பித்தான் பள்ளிவாசலுக்கு எதிர்ச்சாரியில், கமாலுதீன் பாய் மசாலைக் கடையின் மாடியில். சனிக்கிழமை மாலை போய் ஜன்னலைத் திறப்பேன். ஒட்டிப் பேசுவோருக்கு ஒரு பக்கம், வெட்டிப் பேசுவோருக்கு ஒரு பக்கம் என்று பெஞ்சுகளை எதிரெதிராகப் போடுவேன். பிறகு எந்தப் பக்கம் உட்காருவது என்று யோசிப்பேன். கீழே மிளகாய் வறுக்கும் நெடி ஏறி வரும். தும்முவேன். ‘நூறு’ என்று சொல்ல ஆள் இருக்காது.

இழுத்து மூடிவிட்டுப் போகலாமே என்று கேட்கலாம். திருச்சியில் இரண்டு வருஷம் காலேஜில் படித்தபோது, நான் வாயைத் திறந்தால் மறுத்துப் பேசப் பத்துப் பேர் எழுந்து நிற்பார்கள். இங்கே கப்பல் கம்பெனியில் திங்கள் முதல் சனி மதியம் வரை நான் பேசுவது ‘எஸ் சார்’. தங்கியிருக்கும் வீட்டில் என்னிடம் கேட்கப்படுவது, ரசமா, மோரா. இரண்டில் எதைச் சொன்னாலும் வருவது ரசம். வாரம் முழுவதும் யாரும் என்னோடு ஒத்துப்போவதில்லை, அது போகட்டும். ‘நீ சொல்வது தப்பு’ என்று சொல்லவும் யாருமில்லை.

ஆனி மாத நடுவில் கமாலுதீன் பாய் மாடிக்கு வந்தார். பெருத்த ஆள், படி ஏறினால் கோபம் வரும் என்பதால் வாடகை கேட்கவே வருவதில்லை.

"தம்பி, கோவிச்சுக்காதீங்கலா. ஒத்தை ஆளுக்கு எதுக்கு இத்தனை பெஞ்சு? இந்த மாசத்தோட மேலே கொத்தமல்லி மூட்டை போடப்போறேன்."

"கொத்தமல்லி வாடகை தராதே, பாய்."

"நீங்களும்தான் தரலே. கொத்தமல்லி பேசாது, அதுதான் வித்தியாசம்."

நிதி வேண்டும் என்று ஆகிவிட்டது. அப்போதுதான் பரமநாதன் குடும்ப தர்ம நிதியைப் பற்றிக் கேள்விப்பட்டேன். யாழ்ப்பாணத்துக்காரர்கள். தகப்பனார் ரயில்வேயில் பெரிய கிளார்க்காக இருந்து, நிலம் வாங்கி, நல்ல விலைக்கு விற்று, மிகச் சரியான நேரத்தில் காலமானவர். ஊர்க்காரர்கள் தாங்களாகவே கூடி நடத்தும் சபைகளுக்கு மட்டும் உதவ வேண்டும் என்று பணத்தை எழுதிவைத்துவிட்டார். விண்ணப்பம் போட்டேன். அங்கத்தினர் விவரம் என்ற இடத்தில், ‘பலர் தற்சமயம் வெளியூர் சென்றிருக்கிறார்கள்’ என்று எழுதினேன். அதில் ஓர் எழுத்துப் பொய் கிடையாது.

அடுத்த சனிக்கிழமை தர்மகர்த்தாவே வந்துவிட்டார். மூத்த மகன் பரமநாதன், பென்ஷன் வாங்கியவர், கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைக் கோட்டு, கையில் குடை. பெஞ்சுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"மற்றவை எங்கை, தம்பி?"

"வெளியூர், ஐயா."

"எல்லாருமோ?"

"எல்லாரும்."

"அப்ப நீர்?"

"நான் உள்ளூர்."

அவர் சிரிக்கவில்லை. குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார். "எங்கட அப்பு எழுதிவைச்ச சட்டம், சபை நடக்கிறதைத் தர்மகர்த்தா ஒருத்தர் கண்ணாலை பார்க்க வேணும். நடத்தும், பார்ப்பம்."

எனக்கு அப்போது ஒரு யோசனை உதித்தது. இன்றுவரை அதை நல்ல யோசனை என்றே சொல்லுவேன்.

"எங்கள் சபையில் ஒரு மரபு உண்டு ஐயா. விருந்தாளி வந்தால் அவர்தான் ஒட்டிப் பேச வேண்டும். செயலாளர் வெட்டிப் பேசுவார். இன்றைய வழக்கு: இச்சபைக்கு நிதி வழங்குவது தகும்."

அந்த மரபு அந்த நிமிஷத்தில்தான் பிறந்தது. எல்லா மரபும் ஏதோ ஒரு நிமிஷத்தில் பிறந்ததுதானே. பணம் கொடுக்க வேண்டியவர் தம் வாயாலேயே ‘கொடுக்கலாம்’ என்று சொல்லிவிட்டால் பிறகு எப்படி மறுப்பார்? நான் நோஞ்சானாக நாலு வார்த்தை பேசிக் கௌரவமாகத் தோற்றுவிட வேண்டும், அவ்வளவுதான் வேலை. தீர்ப்புச் சொல்ல ஒரு தலைவர் வேண்டும். கீழே ஓடினேன்.

"நான் சேர்மனா? கடையை யாரு பார்ப்பா?"

"நிதி கிடைச்சா வாடகை வரும், பாய்."

பாய் கையைத் துடைத்துக்கொண்டு எனக்கு முன்னால் படி ஏறினார்.

பரமநாதன் எழுந்து நின்று பேசினார். முப்பது வருஷம் ஆபீஸ் குறிப்பு எழுதியவர் பேசுகிற மாதிரியே இருந்தது. "ஒண்டாவது: இடமில்லாட்டி இளந்தாரியள் கடதாசி விளையாடப் போவினம்." சீட்டாட்டத்தை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். "ரெண்டாவது: ஆள் குறைஞ்ச சபை எண்டு சொல்லுவினம். விளக்கு ஒண்டு எரிஞ்சாலும் விளக்குத்தானே?" நெற்றியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தலைவர் நடுநிலை மறந்து கைதட்டினார்.

நான் தோற்பதற்காக எழுந்தேன். "கனம் தலைவர் அவர்களே, தர்க்கம் செய்வதால் பெஞ்சு தேய்கிறது..."

"அது பிழை!" பரமநாதன் பாதி எழுந்துவிட்டார். "தேயிறதுக்குத்தானே தம்பி பெஞ்சு செய்யிறது!"

‘பிழை’ என்ற சொல்லை என்னிடம் யாரும் சொல்லி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. காது சூடாகியது. உள்ளே எதுவோ எழுந்து நின்று வேட்டியை மடித்துக் கட்டியது.

"பெஞ்சை விடுவோம் தலைவர் அவர்களே. நண்பர் சீட்டாட்டம் என்றார். சீட்டாட நாலு பேர் வேண்டும். அந்த நாலு பேர் இருந்திருந்தால் நான் இங்கே சபை நடத்தியிருப்பேனே!"

"அது வேறை கதை!" என்றார் பரமநாதன். கோட்டின் மேல் பொத்தான்களைக் கழற்றிவிட்டார். முகம் சிவந்து, பத்து வயது குறைந்திருந்தது.

"நண்பர் விளக்கு என்றார். ஆளில்லாத வீட்டில் எரிகிற விளக்குக்கு ஊரில் என்ன பெயர்? எண்ணெய்ச் செலவு!"

"தலைவர், இவரை நிப்பாட்டும்!"

தலைவர் என்னை நிறுத்தவில்லை. வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். நானும் நிற்கிற நிலையில் இல்லை.

"கடைசியாக ஒன்று. ஊரார் கூடி நடத்தும் சபைக்கு உதவ வேண்டும் என்பது நிதியின் சட்டம். ஊரார் எங்கே? போய்விட்டார்கள். திரும்பி வரப்போவதில்லை என்பது செயலாளருக்குத் தெரியும். இப்போது இருப்பது ஒருவன். சனிக்கிழமை மாலை அவனுக்குப் போக இடமில்லை. அதற்கு அவன் சபை என்று பெயர் வைத்திருக்கிறான். ஊருக்குத் தர்மம் செய்யலாம். ஒருவனுடைய சனிக்கிழமைக்கு எப்படிச் செய்வது?"

உட்கார்ந்தேன்.  நான் என்ன பேசினேன் என்பது அதற்கப்புறம்தான் எனக்குப் புரிந்தது.

கமாலுதீன் பாய் கண்ணைத் துடைத்தார். மிளகாய் நெடியாக இருக்கலாம். "பெரியவரே, மன்னிச்சுக்கணும். தம்பி சொன்னதுதான் நியாயம். தம்பி கட்சி ஜெயிச்சுது."

"பாய்!" என்றேன்.

"என்ன பாய்? வாடகை போச்சுன்னு எனக்குத் தெரியாதா? யாவாரம் வேறே, தீர்ப்பு வேறே." அவர் எழுந்து கடைக்குப் போய்விட்டார்.

பரமநாதன் பொத்தான்களை மறுபடி போட்டுக்கொண்டார். போடப் போட ஒவ்வொரு வயதாகத் திரும்பி வந்தது. "தோத்த வழக்கைக் கொண்டுபோய் மற்ற தர்மகர்த்தாமாரிட்டைக் காசு கேக்கேலாது, தம்பி."

"ஐயா, அதெல்லாம் பேச்சுக்குச் சொன்னது."

"எல்லாமோ?"

"எல்லாம்தான்."

"கடைசியாச் சொன்னதும் பேச்சுக்குத்தானோ? பொய்யெண்டால் சொல்லும். அந்த ஒரு சொல் போதும். நான் எழுதிக் குடுத்திடுவன்."

 நான் அப்படிச் சொல்லிவிட வேண்டும் என்று அவரும் விரும்பினார் என்றே நினைக்கிறேன். பொய் என்றால் அறை என்னுடையது. பெஞ்சும் ஜன்னலும் சனிக்கிழமையும் என்னுடையவை. காலேஜில் எத்தனையோ மேடையில் நம்பாததையெல்லாம் அடித்துப் பேசியவன் நான். அன்றைக்கு அந்த ஒரு சொல் வரவில்லை.

"பொய்யில்லை, ஐயா."

"ஓம்," என்று ஆமோதித்தார். குடையை எடுத்துக்கொண்டு படி இறங்கினார்.  

நான் பெஞ்சுகளைச் சுவரோரம் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். கொத்தமல்லிக்கு இடம் வேண்டுமே. தெருவிலிருந்து குரல் வந்தது. எட்டிப் பார்த்தேன். ரிக்‌ஷாவில் ஏறி உட்கார்ந்தவர் தலையை வெளியே நீட்டி, குடையால் என்னைச் சுட்டிக்கொண்டிருந்தார்.

"தம்பி! கடதாசிக்கு நாலு பேர் வேணுமெண்டீர். அது பிழை! தனியவும் விளையாடலாம்! நான் ஒவ்வொரு பின்னேரமும் விளையாடுறனான்!"

"அது ஆட்டமே இல்லை ஐயா!" என்று கத்தினேன். "யாரிடம் தோற்பீர்கள்?"

ரிக்‌ஷா நகர்ந்துவிட்டது. அவர் காதில் விழுந்ததோ என்னவோ. படிகளில் பாய்ந்து இறங்கினேன். தெருமுனை வரை ஓடினேன். துறைமுகத்துப் பக்கம் போகிற ரிக்‌ஷாக்கள் நிறைய இருந்தன. எல்லாவற்றிலும் வெள்ளைக் கோட்டுகள்.

திரும்பி வந்தேன். கமாலுதீன் பாய் சீரகம் நிறுத்துக்கொண்டிருந்தார்.

"பாய், அவர் சொன்னதுக்கு என்கிட்டே சரியான பதில் இருக்கு. என்னன்னா..."

"எங்கிட்டே எதுக்குத் தம்பி? கூட்டம்தான் முடிஞ்சுபோச்சே."

தராசிலிருந்து கண்ணை எடுக்காமலே இடது கையை நீட்டினார். சாவியைக் கொடுத்தேன்.