யாரிடம் கோபித்துக்கொள்வது?

1

ஒரு பிற்பகலில் பதினோரு நிமிடம் நான் ஒரு மனிதரிடம் ஒரு செய்தியைச் சொல்லாமல் இருந்தேன். இந்தக் கதையை எழுத உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம். முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் தொலைபேசி எடுப்பவள் நான். காதில் ஹெட்போன். எதிரே வரைபடத் திரை. அதில் பச்சையும் சிவப்புமாகப் புள்ளிகள் ஊர்ந்துகொண்டிருக்கும். பச்சை என்றால் காலி வண்டி. சிவப்பு என்றால் உள்ளே ஆள் படுத்திருக்கிறார்.

இதை முதலில் கட்டுரையாக எழுதத்தான் நினைத்தேன். கடவுள் ஒருவர் என்பது அறிவுக்குப் பொருந்துகிறதா, பலர் என்பது பொருந்துகிறதா என்று தீர்ப்புச் சொல்லிவிடும் கட்டுரை. இப்படித் தொடங்கியது:

உலகில் நன்மையும் தீமையும் பின்னிக் கிடப்பதைப் பார்த்தால், ஒரே கை செய்த வேலை என்பதைவிடப் பல கைகள் பிடித்து இழுத்ததில் வந்த

அங்கேயே நின்றுவிட்டது. கட்டுரைக்கு ஆட்கள் தேவையில்லை, அதுதான் அதில் சௌகரியம். எனக்கோ இரண்டு பேர் குறுக்கே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்கள். ஒருவர் ஏழாம் எண் வண்டியின் ஓட்டுநர். இன்னொருத்தி அதே வண்டியில் பின்னால் இருக்கும் நர்ஸ்.

2

ஓட்டுநர் பல சாமிக்காரர். முன்கண்ணாடிக்குக் கீழே வரிசையாகப் படங்கள். (முதல் வரைவில் இருபத்தேழு படங்கள் என்று எழுதினேன், வாசகர் சிரிப்பார் என்று. உண்மையில் ஒன்பதுதான். அவரைக் கோமாளியாக்கிவிட்டால், பின்னால் வரப்போவதை அவர் தோளில் ஏற்ற முடியாது.) பிரேக்குக்கு ஒருவர், வளைவுக்கு ஒருவர், மழைக்கு ஒருவர், பின்னால் படுத்திருப்பவரின் மூச்சுக்கு ஒருவர், வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒருவர். ஆளுக்கொரு வேலை.

நர்ஸுக்கு ஒரே கடவுள். படம் இல்லை, உருவம் இல்லை. கையுறை மாட்டும்போது உதடு மட்டும் அசையும்.

நான்கு வருடமாக ஒரே வண்டி, நான்கு வருடமாக ஒரே வாக்குவாதம். மைக்கை அணைக்க மறந்துவிட்டுப் பேசுவார்கள். நாங்கள் அறையிலிருந்து கேட்டுச் சிரிப்போம்.

"ஒரே ஆளு எல்லாத்தையும் எப்படி சிஸ்டர் பார்ப்பாரு? நம்ம கன்ட்ரோல் ரூம்லயே ஒம்போது பேர் உக்காந்து போன் எடுக்கறாங்க."

"ஒம்போது பேர் எடுத்தாலும் நம்பர் ஒண்ணுதானே அண்ணா?"

"சரி, வண்டி நின்னுபோச்சுன்னா யார்கிட்ட போவே?"

"வண்டியச் செஞ்சவர்கிட்ட."

"அவரு போன எடுத்துட்டாலும்! டயருக்கு டயர்க்கடை, பேட்டரிக்கு பேட்டரிக்கடை. அப்படித்தான் ஒலகம் ஓடுது."

"ஒம்போது பேருக்குள்ள சண்டை வந்தா?"

"வரத்தான் செய்யும். நாலு பேர் இருக்கற வீட்ல சண்டை வராதா? சந்தடி சாக்குல நாம வேலைய முடிச்சுக்கணும்."

ஓட்டுநரின் மனைவியையும் எங்களுக்குக் குரலாகத் தெரியும். தபால் பிரிக்கும் இடத்தில் வேலை. ஆஸ்துமா உண்டு. அவர் சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுப் போகும் நாட்களில் எங்களைக் கூப்பிட்டு, "உங்க ஏழாம் நம்பர் இன்னிக்குப் பட்டினி, யாராச்சும் கவனிங்க" என்பாள். சொல்லி முடிப்பதற்குள் சிரித்துவிடுவாள். அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் மூச்சு வாங்கும்.

3

இந்த இடத்தில் எனக்குள் இருக்கும் பழைய கட்டுரையாளர் எட்டிப் பார்க்கிறார். போனால் போகிறது, ஒரு பத்தி தருகிறேன்.

கடவுளர் பலர் என்றால் துன்பத்துக்கு விளக்கம் எளிது. ஒருவர் கொடுத்தார், இன்னொருவர் தட்டிவிட்டார். கடவுள் ஒருவர் என்றால் உலகம் ஒரு சொல்லுக்குக் கட்டுப்பட்டது. இங்கே எதுவும் கேட்பாரற்றுப் போவதில்லை. நாற்காலியில் சாய்ந்திருக்கும்போது இரண்டுமே நன்றாகத்தான் இருக்கின்றன.

போதும். அவரை அனுப்பிவிட்டேன்.

பிற்பகல் இரண்டு ஐம்பது. மேசை நாற்காலி செய்யும் பட்டறை ஒன்றில் தச்சர் ஒருவருக்கு இயந்திர ரம்பம் தவறித் தொடையில் பாய்ந்துவிட்டது. ஏழாம் எண் வண்டி அவரை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. திரையில் புள்ளி சிவப்பானது. மருத்துவமனை பதினோரு நிமிட தூரம்.

அடுத்த அழைப்பு எனக்கு வந்தது. ஒரு பெண்குழந்தையின் குரல்.

"அம்மாவுக்கு மூச்சு வரலை. உதடெல்லாம் நீலமா இருக்கு. எங்கப்பா உங்க ஏழாம் நம்பர் ஓட்டறாரு. அப்பாவ அனுப்புங்க ஆன்ட்டி."

திரையைப் பார்த்தேன். ஏழாம் எண் அந்த வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. ஆக்சிஜன் உருளையோடு, நர்ஸோடு, சிவப்பாக. அடுத்த பச்சைப் புள்ளி பாலத்துக்கு அந்தப் பக்கம். அதை அனுப்பினேன். அம்மாவை நிமிர்த்தி உட்காரவை, ஜன்னலைத் திற, மருந்து ஸ்ப்ரே எங்கே என்று குழந்தையிடம் பேசிக்கொண்டே இருந்தேன்.

ஓட்டுநரிடம் சொல்லவில்லை. நர்ஸின் காதுக்கு மட்டும் போகும் இணைப்பு ஒன்று உண்டு. அதில் சொன்னேன். "அண்ணா வீட்ல அண்ணிக்கு முடியல. வேற வண்டி போகுது. அவர்கிட்ட சொல்றதா வேண்டாமான்னு நீயே பார்த்துக்கோ."

(நீயே பார்த்துக்கோ. என் பாரத்தை அவள் தலையில் இறக்கிவைத்த சொல் அது. நான்கு வரைவுகளில் அதை அழித்துப் பார்த்தேன்.)

அவளுடைய இரண்டு கைகளும் தச்சரின் தொடையை அழுத்திக்கொண்டிருந்தன. "கைய எடுத்தா இவர் போயிடுவாரு அக்கா" என்றாள், மிக மெதுவாக.

அப்போது முன்னால் ஓட்டுநர் எதையோ உணர்ந்தவர்போல

இல்லை. அவர் ஒன்றும் உணரவில்லை. ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வளைவுகளில் வண்டியை ஒடித்துக்கொண்டிருந்தார். உள்மனது சொல்வதெல்லாம் கதையில்தான் நடக்கும்.

அவள் சொல்லவில்லை.

4

வண்டி மருத்துவமனை வாசலில் நின்ற பிறகுதான் ஓட்டுநரிடம் சொன்னேன். தச்சர் பிழைத்தார். ஓட்டுநரின் மனைவி மறுநாள் காலை இறந்துபோனாள்.

முதல் வரைவில் அவளைப் பிழைக்க வைத்தேன். எழுதுகிறவளுக்கு அது ஒரு வரிதானே. படித்துவிட்டு என் கணவர், "அப்போ இதுல கஷ்டம் யாருக்கு?" என்றார். கிழித்துப் போட்டேன். ஆனால் அந்த வரைவு என்னிடம் இருந்த இரண்டு நாளும் நன்றாகத் தூங்கினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

5

மூன்று வாரம் கழித்து ஓட்டுநர் வேலைக்கு வந்தார். வண்டியில் எட்டுப் படங்கள் நின்றிருந்தன. ஒன்றைக் கவிழ்த்து வைத்திருந்தார்.

அன்று மைக் அணைந்திருந்தது. வண்டியைக் கழுவும்போது நடந்த பேச்சு இது. பிறகு நர்ஸ் எனக்குச் சொன்னபடியே எழுதுகிறேன்.

"அண்ணா, எனக்கு அன்னிக்கே தெரியும். வண்டியில வரும்போதே."

ஸ்ட்ரெச்சரைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. "சொல்லியிருந்தா திருப்பியிருப்பேன்."

"தெரியும். அதான் சொல்லல."

துணியைப் பிழிந்தார். தண்ணீர் நின்ற பிறகும் பிழிந்துகொண்டிருந்தார்.

"பின்னாடி என்ன பண்ணிட்டிருந்தே?"

"வேண்டிக்கிட்டேன். ரெண்டு பேருக்கும் சேர்த்து. ஒரே ஆள்கிட்ட." அவள் தண்ணீர்க் குழாயை மூடினாள். "ஒருத்தரக் குடுத்துட்டு ஒருத்தர எடுத்துக்கிட்டாரு. எப்படிப் பொறுக்கினீங்கன்னு கேக்கறேன், பதிலே இல்ல. இப்பல்லாம் வேண்டவே வாய் வரல அண்ணா. அவர்கிட்ட கோவிச்சுக்கிட்டு நான் வேற எங்க போவேன்?"

அவர் கவிழ்ந்த படத்தைக் காட்டினார். "எனக்கு இவரோட மட்டுந்தான் பேச்சுவார்த்தை இல்ல. வீட்டப் பார்த்துக்கோன்னு விட்டுட்டு வந்தேன். மத்தவங்க மேல என்ன குத்தம்? அன்னிக்கு பிரேக் நல்லாத்தான் பிடிச்சுது."

பிறகு வண்டிப் படியில் உட்கார்ந்துகொண்டார். "ஆனா ஒண்ணு சொல்றேன் தங்கச்சி. உனக்காவது சட்டையப் பிடிச்சுக் கேக்க ஒரு ஆள் இருக்கு. நான் கேட்டா இவரு அவரக் கைகாட்டறாரு, அவரு இவரக் கைகாட்டறாரு. நான்தான்னு ஒத்துக்க ஒருத்தர் இல்ல."

அதுவரை அவளை அவர் சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டிருந்தார்.

"என்மேல கோவம் இல்லையா அண்ணா?"

"இருக்கு. நெறையவே இருக்கு." எழுந்து வாளியை எடுத்தார். "நாளைக்கும் நீதான் பின்னாடி வரணும். வேற யாரையும் போடச் சொல்லிடாத."

6

ஒன்றை நம்புகிறவள் பலவற்றைப் பார்த்து ஏங்க, பலவற்றை நம்புகிறவர் ஒன்றைப் பார்த்து ஏங்குகிறார். அளவெடுத்துத் தைத்ததுபோல் இருக்கிறதே என்று நீங்கள் சந்தேகப்படலாம். எனக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. அவளிடமே கேட்டேன். "நீ எதையாவது சேர்த்துச் சொன்னியா?" என்றேன். "அழுததக் கொஞ்சம் கொறச்சுச் சொன்னேன் அக்கா" என்றாள்.

என்னைப் பற்றியும் கேட்பீர்கள். எல்லாவற்றையும் மேலிருந்து பார்த்துக்கொண்டு, யார் எங்கே இருக்கிறார்கள் என்று தெரிந்தும் வாய் திறக்காமல் இருந்தவள் நான்தான். அந்த இடத்தில் ஒருவர் இருப்பதைவிடப் பலர் இருப்பது நல்லதா? தெரியவில்லை. அன்று என் பக்கத்தில் எட்டுப் பேர் இருந்தார்கள். ஒருவரையும் நான் கேட்கவில்லை.

ஓட்டுநர் என்னிடம் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. "ஏழு, புறப்பட்டாச்சு" என்பார். "சரி அண்ணா" என்பேன்.

இருவரும் தத்தம் நம்பிக்கைக்கு மெல்லத் திரும்பினார்கள் என்று முடித்துவிட

முடியவில்லை. அவள் இன்னும் திரும்பவில்லை. கையுறை மாட்டுகிறாள், உதடு அசைவதில்லை. ஆனால் போன வாரம் வண்டியில் அவள் சத்தம் போட்டதை மைக்கில் கேட்டேன். யாரோடு என்று ஓட்டுநர் விசாரித்தார். "எங்காளோடதான். சட்டையப் பிடிச்சுக் கேக்க ஆரம்பிச்சிருக்கேன்" என்றாள்.

7

இனி, கடைசியாக நடந்த விஷயம்.

தச்சர் ஒருநாள் வண்டிகள் நிற்கும் கொட்டகைக்கு வந்தார். கையில் ஊன்றுகோல். அக்குளில் ஒரு சின்ன மர முக்காலி. வண்டியின் பின்பக்கத்தில் நர்ஸ் குனிந்தபடியே வந்தது அரைமயக்கத்திலும் அவர் கண்ணில் பட்டிருக்கிறது. அவள் உட்கார என்று தானே இழைத்துச் செய்தது. அவருக்கு ஓட்டுநர் வீட்டுச் செய்தி எதுவும் தெரியாது. யாரும் சொல்லியிருக்கவில்லை.

நான் எதிரே கட்டுப்பாட்டு அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான் சாமி கும்பிடறவன் இல்லீங்க" என்றார் தச்சர். "ஒண்ணும் கெடையாது, ஒம்போதும் கெடையாது. அதனால நன்றி சொல்லணும்னா உங்க ரெண்டு பேரத் தவிர எனக்கு ஆளே இல்ல."

நர்ஸ் முக்காலியை வாங்கிக்கொண்டாள். ஓட்டுநர் தச்சரின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தச்சர் சட்டென்று நினைவு வந்தவராக, வருகிற எவரும் கேட்பதுபோலத்தான், கேட்டார்: "வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா அண்ணே?"

உள்ளே என் தொலைபேசி அடித்தது. போக வேண்டியதாயிற்று.

ஓட்டுநர் சொன்ன பதில் எனக்குத் தெரியாது. இருவரும் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவர் "இருக்காங்க" என்று மட்டும் சொன்னார். இன்னொன்றில் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டார். மூன்றாவதில் அவர் வாயெடுப்பதற்குள் நர்ஸ் முந்திக்கொண்டாள். மூன்றுமே நான் எழுதியவை. அவர் வாயால் வந்தது எதுவும் அவற்றில் இல்லை.

ஆகவே உங்களிடம் விடுகிறேன். அவர் வாயில் எந்தப் பதிலை வேண்டுமானாலும் வையுங்கள். வைப்பதற்கு முன் ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தச்சர் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, இரண்டு காலிலும் நின்றபடிதான் அதைக் கேட்டார்.