நரபலி பார்க்க வந்த கூட்டம்

1

இந்தக் கதையை நானாக எழுத உட்காரவில்லை. காளியாயி கேட்டாள். "ஐம்பது வயசுல எழுத்துக் கத்துக்கிட்டீகல்ல அண்ணே? எங்க வீட்டுக்காரரு குடிக்கலைன்னு எங்குட்டாச்சும் எழுதிவைங்க."

ஒரு வரிதான். வெறும் வரியை யார் படிக்கிறார்கள்? அதனால்தான் கதை.

2

முதல் தொடக்கம்: செக்காலைப் பக்கம், ஜன்னல் திறக்காத மண்டபம் ஒன்றில், அமாவாசைதோறும்...

(அடித்துவிட்டேன். அமாவாசை பொய். மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கார்கள் வரும். பெரிய மனிதர்கள் இடுப்பில் வெள்ளைத் துணி கட்டி, கொத்தனார் மூலைமட்டம் போல ஒன்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கதவைச் சாத்திக்கொள்வார்கள். அது ஒரு ரகசியச் சங்கம்; உள்ளே எல்லோரும் சகோதரர்கள். எங்களுக்கு அது பேய் பங்களா.)

3

அந்த மண்டபத்தில் பூச்சு வேலைக்கு ஏறிய வீரணன், காளியாயியின் புருஷன், சாரம் முறிந்து விழுந்து செத்தான். கீழே கலவை குழைத்துக்கொண்டிருந்தவன் நான். சாரத்துச் சவுக்குக் கம்பு உளுத்திருந்தது. விசாரிக்க வந்த அதிகாரியிடம் சொன்னேன். அவரும் காண்ட்ராக்டரும் கைகொடுத்துக்கொண்ட விதமே தனியாக இருந்தது, அந்த மண்டபத்துச் சகோதரர்கள் கொடுத்துக்கொள்வது போல. குடித்துவிட்டுத் தவறி விழுந்ததாக முடித்தார்கள். டீக்குக் காசு கொடுக்கவே யோசிக்கிற மனுஷன் வீரணன்.

4

முதல் மறியலில் தட்டி இப்படி: 'உளுத்த சாரத்துக்கு யார் பொறுப்பு?' வந்த கூட்டம் ஒரே ஆட்டோவில் அடங்கும்.

"கம்புக்கெல்லாம் எவன்யா வருவான்?" என்றார் கட்டடத் தொழிலாளர் யூனியன் மெய்யநாதன். "நரபலின்னு போடு. திருப்பத்தூர்லேருந்து பஸ் ஏறி வருவாய்ங்க."

"பலியெல்லாம் இல்லண்ணே, கம்புதான்" என்றாள் காளியாயி.

"நீ சும்மா இரு தாயி. உனக்காகத்தான பேசுறேன்."

வந்தார்கள். ரோடு கொள்ளவில்லை.

[எழுத்துக் கற்றபின் நூலகத்தில் படித்தது: இருநூறு வருஷத்துக்கு முன் அமெரிக்காவில் இப்படியொரு சகோதரக் கூட்டத்தின் ரகசியத்தைப் புத்தகமாகப் போடப் பார்த்தவர் காணாமல் போனார். ஜனம் கொதித்தது, எதிர்த்துக் கட்சியே கட்டினார்கள். கட்சி கரைந்துபோயிற்று. அந்தக் கூட்டம் இன்னும் இருக்கிறது. அந்த ஆளுக்கு என்ன ஆனதென்றுதான் இன்றுவரை தெரியவில்லை.]

5

சகோதரர்கள் கதவைத் திறந்துவிட்டார்கள். சங்கச் செயலாளர் அழகுசுந்தரம் வாசலில் கைகூப்பி நின்றார். "வாங்க, நல்லாப் பாருங்க. எங்கயாச்சும் தலை உருளுதா?"

கூட்டம் சிரித்தது. உள்ளே நாற்காலிகள், படங்கள், கறுப்பும் வெள்ளையுமாக ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. எல்லோருக்கும் காபி.

"ப்பூ, இம்புட்டுத்தானா?" என்று கலைந்தார்கள். மெய்யநாதன் இரண்டாவது டம்ளர் வாங்கினார்.

காளியாயி தரையைப் பார்த்தபடி அழகுசுந்தரத்திடம் கேட்டாள். "அந்தக் கம்பை எங்கய்யா போட்டீக?"

"எந்தக் கம்பு? பலியே இல்லைன்னு ஊரே பாத்துட்டுப் போயிருச்சே தாயி."

6

முடிவு ஒன்று: அதிகாரி மனம் திருந்தி... (கை எழுத மறுக்கிறது.)

முடிவு இரண்டு: காளியாயி அந்த மண்டபத்துக்குத் தீ... (விடிந்தால் அவள் சித்தாள் வேலைக்குப் போகவேண்டும்.)

நீங்களும் நரபலி என்று பார்த்துத்தானே உள்ளே வந்தீர்கள்? கோபமில்லை. தெரிந்துதான் அந்தத் தலைப்பை வைத்தேன். இப்போது அதை அடித்துவிட்டு, அவள் கேட்டதை அங்கே வைக்கிறேன்:

வீரணன் குடிக்கவில்லை. கம்பு உளுத்திருந்தது.

இதற்கு வந்திருப்பீர்களா?