நிக்கல் பூச்சு

ஞாயிற்றுக்கிழமை காலை பூபாலன் இட்லியைப் பிட்டு வாயில் வைத்தபோது கிட்டார் வாங்க வருகிற ராகேஷிடமிருந்து போன் வந்தது.

"அண்ணா, கிளம்பிட்டேனுங்க. முகப்பேர்ல இருந்து கோவில்பதாகைக்கு வர எவ்ளோ நேரம் ஆகப்போகுது. ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். கிட்டாரைத் துடைக்க கிடைக்க வேண்டாங்க. அழுக்கு, கறை எல்லாம் அப்படியே இருக்கட்டும். பழைய பூச்சு இருந்தாத்தான் விலை."

"சரி சார்" என்றான். மிச்ச இட்லியை அப்படியே விட்டான்.

கிட்டாரை நேற்றுதான் சக்கரத்தில் பிடித்திருந்தான்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனியில் அவனுக்குப் பஃபிங் வேலை. சுழலும் துணிச் சக்கரத்தில் மெருகேற்றும் சோப்பைத் தடவி, குழாயோ கைப்பிடியோ எது வந்தாலும் முகம் தெரியும்வரை தேய்க்க வேண்டும். சனிக்கிழமை வேலை முடிந்ததும் அவரவர் வீட்டுச் சாமானைப் பிடித்துக்கொள்ள முதலாளி விட்டுவிடுவார். குத்துவிளக்கு, பித்தளை அண்டா, பொண்ணு பார்க்க வருவதற்கு முந்தின நாள் பைக் சைலன்சர்கூட வரும். நல்ல காரியத்துக்குப் போகிற பொருள் பளபளப்பாகப் போக வேண்டும் என்பது அங்கே எல்லாருக்கும் பழக்கம். கிட்டாரையும் அப்படித்தான், மனைவி கஸ்தூரியிடம் சொல்லாமல் எடுத்துப் போனான். கம்பிகளைக் கழற்றி, உள்ளே தூசி போகாமல் ஓட்டைகளில் வேஸ்ட் துணி அடைத்து, குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரிதான் தேய்த்தான்.

பித்தளை உடம்பில் நிக்கல் பூசிய அந்த ஸ்டீல் கிட்டார் அவன் மாமனார் கலியமூர்த்தியுடையது. ஆவடி பாக்டரியில் வேலை பார்த்தவர். ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோன பெரம்பூர் சட்டைக்கார ஆங்கிலோ இந்தியர் ஒருவரிடம் வாங்கி, குவார்ட்டர்ஸ் விழாக்களில் மடியில் படுக்கவைத்து வாசித்தார். அவர் செத்த பிறகு அது கட்டிலுக்கு அடியில் கிடந்தது. போன மாதம் டாக்டர், பூபாலனின் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "தூசி ரொம்ப ஏறிடுச்சு. இந்த வேலையை விட்டுடுங்க" என்று சொல்லிவிட்டார். அன்றைக்குத்தான் கஸ்தூரிக்கு கிட்டார் ஞாபகம் வந்தது. பழைய வாத்தியம் வாங்குகிற ராகேஷுக்குப் போட்டோ அனுப்பினாள். நேரில் பார்த்து எல்லாம் சரியாக இருந்தால் மூன்று லட்சம் என்றான். தெரிந்தவன் தேவா தன் ஷேர் ஆட்டோவை விற்கக் காத்திருந்தான். கிட்டார் போனால் ஆட்டோ வரும். சக்கரத்தை விட்டுவிடலாம்.

"இன்னாய்யா, தட்டையே பாத்துகினு கீற?" என்றாள் கஸ்தூரி. "அந்தப் பொட்டிய எடு. ஒரு தபா தொடச்சி வைக்கறேன்."

"வாணாம். அவரு வந்து தொறக்கட்டும்."

"எங்கப்பன் பொருள நான் தொடக்கூடாதா?"

"தொறந்தா காத்து பட்டு கெட்டுடுமாம். சொன்னாரு."

"இத்தினி வருசம் பூரான் குடும்பம் நடத்திச்சி, அப்ப கெடல." ஆனாலும் விட்டுவிட்டாள். பூபாலன் பெட்டியை ஒட்டியே உட்கார்ந்துகொண்டான். தெருவில் ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் வாசலை எட்டிப் பார்த்தான். இவளிடம் இப்போதே சொல்லிவிட்டால் என்ன? வாய் திறந்தால் இருமல்தான் வந்தது.

ராகேஷ் வந்தான். கோயம்புத்தூர் பையன், ஐ.டி. வேலை. கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு நேராகப் பெட்டியைத் திறந்தான்.

"யப்பா" என்றாள் கஸ்தூரி. "கண்ணு கூசுது."

ராகேஷ் கிட்டாரைத் தூக்கித் திருப்பினான். சதுரமான கழுத்தைத் தடவினான். கம்பிகள் மாட்டுகிற அடித்தகட்டில் டார்ச் அடித்து, கண்ணை ஒட்டவைத்துப் பார்த்தான். பிறகு போனில் அவள் அனுப்பிய போட்டோவை எடுத்தான்.

"அக்கா, போட்டோல ஓரமெல்லாம் பூங்கொடி செதுக்கியிருக்குங்க. இதுல எங்க? இங்க ஒரு நம்பர் அடிச்சிருந்துச்சு, அதையும் காணோம். நீங்க போட்டோ எடுத்தது வேற கிட்டாருங்களா?"

"வேற கிட்டாருக்கு நான் எங்க போவேன் சார்?"

"இப்ப காப்பி நெறைய வருதுங்க. தப்பா நெனைக்காதீங்க. நான் கிளம்பறேன்."

அவன் பெட்டியை மூடிவிட்டான். கஸ்தூரியின் முகம் சிவந்தது. ஏமாற்றுக்காரி என்ற பட்டம் அவள் மேல் விழுந்துகொண்டிருந்தது.

"அதே கிட்டார்தான் சார்" என்றான் பூபாலன். "நான்தான் சக்கரத்துல புடிச்சேன்."

இரண்டு பேரும் திரும்பினார்கள்.

"நேத்து கம்பெனியில. உள்ள டார்ச் அடிச்சிப் பாருங்க. சக்கரம் அங்க போவாது."

ராகேஷ் மறுபடி திறந்து, மூடித்தகட்டின் திருகுகளைக் கழற்றினான். உள்ளே சத்தத்தைப் பெருக்குகிற மெல்லிய அலுமினியக் கூம்புகள் மூன்று, வாய் கவிழ்த்த டம்ளர்கள் மாதிரி. உள்சுவரில் பழைய நிக்கல் மங்கலாக அப்படியே இருந்தது. வெளியே ஓரங்களில் மட்டும் நிக்கல் தேய்ந்து பித்தளை மஞ்சளாகத் தெரிந்தது.

"அசல்தானுங்க" என்றான். குரலில் வருத்தம் இருந்தது. "தொண்ணூறு வருசம் ஆகியிருக்கும். ஏங்ண்ணா இப்படிப் பண்ணீங்க?"

"பக்கத்துலயே பிளேட்டிங் கம்பெனி கீது சார். நாளைக்கே நிக்கல் ஏத்திக் குடுத்துடறேன். புதுசாட்டம் இருக்கும்."

"ஐயோ, வேண்டாங்க. தயவுசெஞ்சு ஒண்ணும் பண்ணாதீங்க."

இனி இதை வாசிக்கிறவன் வாங்குவான், சேர்த்துவைக்கிறவன் தொடமாட்டான் என்று விளக்கினான் ராகேஷ். எண்பதாயிரம் தரலாம் என்றான். பேசிக்கொள்ளட்டும் என்று வாசலுக்குப் போனான்.

கஸ்தூரி கிட்டாரின் ஓரத்தை விரலால் தடவினாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

"உங்கப்பா பொருள் அழுக்கா போவக்கூடாதுன்னுதான்..."

"எங்கப்பன் அத ஒரு நாளும் தேச்சதில்ல. தேய்க்கத் தெரியாதவரா அவரு?" வாசலைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "திரும்ப வச்சா நாளைக்கு எண்பதும் வராது. குடுத்துடலாம்." பிறகு ராகேஷுக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள். "சார், தொண்ணூறுன்னா எடுத்துக்கங்க. உள்ள எல்லாம் அசல்னு நீங்களேதான சொன்னீங்க."

எண்பத்தைந்தில் முடிந்தது. ராகேஷ் பணத்தை அவள் போனுக்கு அனுப்பிவிட்டு, பெட்டியைப் பின்சீட்டில் படுக்கவைத்து பெல்ட்டும் போட்டுக்கொண்டு போனான்.

கஸ்தூரி தேவாவைக் கூப்பிட்டாள். "அண்ணாத்தே, வண்டிய வேற யாருக்காச்சும் பாத்துக்க. எங்களால இப்ப முடியாது." அவன் காரணம் கேட்டிருக்க வேண்டும். "முடியாதுன்னா முடியாது, உடு" என்று வைத்தாள்.

பிறகு சாப்பிட்ட தட்டுகளை அடுக்கினாள். பூபாலனின் தட்டில் பிட்ட இட்லி அப்படியே இருந்தது.

"நாளைக்கு எந்த ஷிப்ட்டு?"

"பர்ஸ்ட்டு."

"சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போறோம். பணம் அதுக்குத்தான்."

"வேல?"

அவள் அலமாரியைத் திறந்து, பழைய காட்டன் புடவை ஒன்றை எடுத்து, தூசிக்கு முகத்தில் கட்டுகிற அகலத்துக்கு நீளநீளமாகக் கிழிக்க ஆரம்பித்தாள்.