வியாழக்கிழமைப் படகு

எங்கள் தீவின் கிளினிக்கில் ஹெல்த் ஆபீசர் சமிசோனி, என் பெரியப்பா மகன். அண்ணன் இருக்கும் அறையில் டோங்காப் பெண் உட்காரக்கூட மாட்டாள்; பிள்ளைப்பேற்றுப் பேச்சை எப்படி எடுப்பாள்? ஊரில் பாதிப் பெண்களுக்கு அவன் அண்ணனோ தம்பியோதான். பெண்கள் வராததைப் பார்த்த தலைநகர ஆபீஸ், எங்களுக்கு விவரம் போதாது என்று வண்ண வண்ணமாகப் போஸ்டர் அனுப்பியது. நாங்கள் அதில் மீன் சுற்றினோம்.

பிறகுதான் சேலா வந்தாள். வேறு தீவுக்காரி, ஆக்லாந்தில் மானுடவியல் படித்தவள். எங்களோடு பாய் பின்ன உட்கார்ந்தாள்.

"அது என்னடி படிப்பு?" என்றேன்.

"மனுஷங்க எப்படி வாழறாங்கன்னு பாக்கறது, அக்கா."

"அதுக்கு ஃபீஸ் வேற கட்டினியா?"

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. நாலாவது பிரசவத்தில் ரத்தம் போய்ப் பிழைத்தவள் நான். இன்னொன்று என்றால் செத்துவிடுவேன் என்று அவளிடம்தான் முதலில் சொல்லி அழுதேன்.

ஆபீசோடு சண்டை போட்டு அவள் ஓர் ஏற்பாடு செய்தாள். வியாழன்தோறும் சமிசோனி பக்கத்துத் தீவுக்குப் போவான். அதே படகில் அந்தத் தீவின் ஹெல்த் ஆபீசர் ஃபிலிமோனே இங்கே வருவார்; எங்களுக்கு உறவில்லாதவர். எனக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கருத்தடை ஊசி.

அந்த வியாழக்கிழமைகளை நினைத்தால் இன்றும் ஏக்கமாக இருக்கிறது. அவன் படகு மறைந்ததும்தான் வாய் திறப்போம். சீமைப்பலா மரத்தடியில் நாங்கள் சிரிப்பது கரைக்கே கேட்கும்.

சமிசோனிக்குக் கடல் ஆகாது. தீவில் பிறந்தவன் வாளியோடு படகு ஏறுவதை ஊரே கேலி செய்யும். என் ஊசி நாள் ஒன்றில் கடல் கொந்தளித்தது. சேலா கரையில் அவனைத் தடுத்தாளாம். பிற்பாடு அவளே சொன்னாள்.

"இன்னைக்கு வேணாங்க. அடுத்த வாரம் போலாம்."

"யாராவது ஒருத்தி காத்துக்கிட்டு இருப்பா, சேலா."

"யாருன்னு தெரியுமா?"

"எனக்கு எதுக்கு அது? அந்த வாளியை எடு."

மத்தியானம் ஃபிலிமோனே தொப்பலாக நனைந்து வந்தார்.

"உங்க ஆளு குடல் வெளிய வர்ற மாதிரி வாந்தி எடுத்தாராம். படகுக்காரன் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான்" என்றபடி ஊசி போட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது கிளினிக்கில் பெண் நர்ஸ் இருக்கிறாள். படகு நின்றுவிட்டது. சேலாவும் எங்கோ போய்விட்டாள்.

போன மாதம் என் கடைசி மகனுக்குக் கல்யாணம். மண்டபத்தின் அந்தக் கோடியில் சமிசோனி, இந்தக் கோடியில் நான். சேம்பிலையில் இறைச்சியும் தேங்காய்ப்பாலும் கட்டி வேகவைத்த லூவில் நல்லதாக ஒன்றைப் பொறுக்கி, மாப்பிள்ளைக் கோலத்தில் இருந்த மகனிடமே சமிசோனிக்குக் கொடுத்தனுப்பினேன். திரும்பி வந்தவன் முகத்தில் குழப்பம்.

"மாமா உங்ககிட்ட சொல்லச் சொன்னாரும்மா. அந்த வாளி இன்னும் வீட்டுலதான் இருக்காம். என்ன வாளி?"

"போய் உன் பொண்டாட்டி பக்கத்துல உக்காரு" என்றேன். அண்ணன் இருந்த பக்கம் திரும்பாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.